வீட்டுக் கணக்குக்குக் காசு எதற்கு?



"கணக்கு" என்று சொன்னதும் நம்மில் பாதிப் பேருக்கு அரியர் ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு அரியரை எழுதி முடித்த நாள் ஞாபகம் வரும். அப்படியிருக்க, ஆண்டு மலரில் கணக்கைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று மலர்க் குழு நண்பர் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் எழுதப்போவது நம் வீட்டில், நம் தெருவில், பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரக்கூடிய கணக்கைப் பற்றி. அதற்கு வேண்டிய பாடத்திட்டம், புத்தகம், பயிற்சித் தாள், படம், வீடியோ அத்தனையும் ஒரு பைசா செலவில்லாமல் கிடைக்கிறது. கிடைப்பது அதிகமாக இருப்பதுதான் சிக்கல். எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பிறகு எது என்ற வரிசை யாருக்கும் தெரிவதில்லை. அந்த வரிசையைத்தான் சிலர் காசுக்கு விற்கிறார்கள்.

என் அக்கா மகளுக்கு 11 வயது. இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை. ஒரு கல்வியாண்டு முழுக்க பஸ்ஸில் போகக்கூடாது, நீண்ட நேரம் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 5ஆம் வகுப்பு முடித்து 6-க்குப் போக வேண்டியவள் வீட்டில் படுத்துக்கொண்டாள். தமிழும் சமூக அறிவியலும் அவளே படித்துக்கொள்வாள். கணக்கு? அங்கேதான் இடித்தது.

இந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, டை கட்டிய ஒருவர் டேப்லெட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மூன்று வருடப் பேக்கேஜ், 45,000 ரூபாய், 24 மாதத் தவணை. "இப்ப விட்டா பொண்ணு மேத்ஸ்ல எழுந்திருக்கவே முடியாது சார்" என்று அக்கா வீட்டுக்காரரிடம் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். அக்கா வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவர். மழைக்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. ஆனாலும் கையெழுத்துப் போடத் தயாராகிவிட்டார். அக்காதான் போன் செய்தாள். "நீ டிப்ளமோ படிக்கிறியேடா, இது வாங்கலாமான்னு பாத்துச் சொல்லு." இரண்டு வாரம் டைம் கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் தேடியதும், பிறகு ஐந்து மாதம் சொல்லிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கல்வியை உரிமையாக்கியது. நடுவில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கடுமையான ஊனமுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்பது 2012 திருத்தத்தில் வந்தது. ஆக, அக்கா மகள் திரும்பிப் போகும்போது 5-ல் உட்கார வைக்க மாட்டார்கள், நேராக 7. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 6ஆம் வகுப்புக் கணக்கே தெரியாமல் 7-ல் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்?

எங்கே நிற்கிறாள்?

வீட்டில் சொல்லித் தருகிற எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கிளாஸ் புக் வாங்கணும்?" அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது?

இதற்குக் கையில் கிடைத்த மிகச் சிறந்த கருவி ஒரே ஒரு தாள். 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் கிராமப்புறப் பிள்ளைகளிடம் 'அசர்' என்ற கல்வி ஆய்வு நடத்திவருகிறது. அதில் பயன்படுத்தும் கணக்குத் தாளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தமிழிலும் இருக்கிறது. நான்கு படிகள். 1 முதல் 9 வரை எண்ணை அடையாளம் காண்பது, அடுத்து இரண்டு இலக்க எண்கள், அடுத்து கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கழித்தல், கடைசியாக மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுத்தல். கழித்தலில் தொடங்க வேண்டும். வந்தால் மேலே வகுத்தல். வராவிட்டால் கீழே எண்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தேர்வு என்று சொல்லாமல் செய்யலாம்.

அக்கா மகளுக்கு நானே இரண்டு கணக்கு கூடச் சேர்த்தேன். 52-லிருந்து 27 போனால்? 35 என்று எழுதினாள். 618-ஐ 6-ஆல் வகுத்தால்? 13. ஐந்தாம் வகுப்பு பாஸ் செய்த பெண்.

இந்த இரண்டு விடைகளையும் வெறும் தப்பு என்று சிவப்பு மையில் அடித்துவிட்டால் அதோடு விஷயம் போயிற்று. கொஞ்சம் நின்று பாருங்கள். 35 எப்படி வந்தது? 2-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று எப்போதோ கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். 13 எப்படி வந்தது? 6-ல் 6 ஒரு தடவை. 1-ல் 6 போகாது, அதனால் அடுத்த 8-ஐ இறக்கி, 18-ல் 6 மூன்று தடவை. நடுவில் ஒரு பூஜ்யம் விழ வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான், இடமதிப்பு. ஒன்று, பத்து, நூறு என்ற வீடுகள் அவள் மனதில் கட்டப்படவே இல்லை. 45,000 ரூபாய்ப் பேக்கேஜின் 6ஆம் வகுப்பு வீடியோ இயற்கணிதத்தில் ஆரம்பிக்கிறது. அதைப் பார்த்து இவளுக்கு என்ன வரும்?

வைத்தியம் எளிது. ஐந்து பத்து ரூபாய் நோட்டு, இரண்டு ஒரு ரூபாய் நாணயம். "இதுலேருந்து எனக்கு 27 ரூபா குடு." இரண்டு நோட்டு தந்தாள். ஏழு ரூபாய்க்கு நாணயம் போதவில்லை. "சில்லறை மாத்தணும் மாமா" என்று அவளே சொன்னாள். ஒரு நோட்டை மாற்றினோம். 12 நாணயம் ஆயிற்று. அந்தச் 'சில்லறை மாற்றுவது'தான் பள்ளிக்கூடத்தில் 'கடன் வாங்குவது'. 618-க்கும் அதே மாதிரி. ஆறு நூறு ரூபாய்த் தாள், ஒரு பத்து, எட்டு நாணயம்; ஆறு பேருக்குப் பங்கு. ஆளுக்கு ஒரு நூறு. பத்து ரூபாய்த் தாள் யாருக்கும் முழுசாகப் போகாது, ஆகவே பத்தில் பூஜ்யம். அதைச் சில்லறை மாற்றினால் 18 நாணயம், ஆளுக்கு மூன்று. 103. நூறு ரூபாய்த் தாள்கள் காகிதத்தில் வெட்டியவைதான், ஹாஸ்டல்காரனிடம் அத்தனை நோட்டு ஏது!

இந்த மாதிரி 'வகுப்பைப் பார்க்காதே, நிலையைப் பார்' என்பதை அரசே ஒப்புக்கொண்டு செய்திருக்கிறது. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பயிற்சி. அதற்கான பயிற்சி நூல்கள் வண்ணப் படங்களோடு நன்றாக இருக்கின்றன. ஐந்து வருடம் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு அரும்பு நிலைப் பக்கத்தைத் தருவது வெட்கம் என்று பெற்றோர் நினைப்பார்கள். அட்டையைக் கிழித்துவிட்டு நடுப் பக்கங்களை மட்டும் கொடுங்கள். பிள்ளைக்கு எந்த வகுப்பு என்று தெரியாது.

முதுகெலும்பு ஒன்றே ஒன்று

அடுத்தது பாடத்திட்டம். நான் தேடியபோது முதல் மூன்று நாளில் போனில் 40 புத்தகம் சேர்ந்துவிட்டது. இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா என்று. இவை எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால் பிள்ளைக்குத் தலை சுற்றும். ஒன்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் எங்கே ஒட்ட வேண்டுமோ அங்கே ஒட்ட வேண்டும்.

எனக்கு அந்த முதுகெலும்பு நம் தமிழ்நாட்டுப் பாடநூல்தான். ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. பிள்ளை திரும்பப் போகப்போகும் பள்ளியில் நடப்பது அதுதான். கடையில் விற்கும் அதே புத்தகம் முழுவதும் பி.டி.எஃப். ஆக அரசுத் தளத்தில் இலவசமாக இருக்கிறது. 2018-19-ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. அந்த 6ஆம் வகுப்புக் கணக்கு மூன்று பருவமாக இருக்கிறது. முதல் பருவத்தில் எண்கள், இயற்கணிதம் அறிமுகம், விகிதம், வடிவியல், புள்ளியியல், தகவல் செயலாக்கம். பின்னமும் முழுக்களும் மூன்றாம் பருவத்தில். பாடங்களுக்குள் கியூ.ஆர். குறியீடு இருக்கும். போனைக் காட்டினால் 2017-ல் தொடங்கிய 'டிக்ஷா' தளத்தில் அந்தப் பாடத்துக்கான வீடியோவோ பயிற்சியோ திறக்கும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைக்கின்றன.

ஆனால் நான் பருவ வரிசைப்படி போகவில்லை. விகிதம் முதல் பருவத்தில் வருகிறது, பின்னம் மூன்றாம் பருவத்தில். பின்னம் கீழ் வகுப்பில் உறுதியாக வந்த பிள்ளைக்கு இது சரி; நம்மிடம் வருகிற பிள்ளைக்குச் சரிப்படாது. அதனால் 4, 5ஆம் வகுப்புப் புத்தகங்களின் பின்னப் பாடத்தை முதலில் எடுத்து, 6-ன் மூன்றாம் பருவப் பின்னத்தை அதன் தலையில் வைத்து, பிறகுதான் விகிதத்துக்கு வந்தேன். வீட்டில் சொல்லித் தருவதில் இருக்கும் ஒரே சௌகரியம் இதுதான் எனலாம். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியராலும் இப்படிப் புரட்டிப்போட முடியாது.

தமிழ் மீடியத்தில் படித்து இங்கே வந்த நண்பர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பாடநூல் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடம், ஒரே கணக்கு. இரண்டையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே அகராதி. தொகுதி நியூமரேட்டர், பகுதி டினாமினேட்டர், பொதுக் காரணி காமன் ஃபாக்டர் என்று தானாக விளங்கும். முதல் வருடம் இன்ஜினியரிங் மேத்ஸ் கிளாஸில் கணக்கு தெரிந்தும் வார்த்தை தெரியாமல் முழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! 9, 10ஆம் வகுப்புப் புத்தகத்தை இப்படி இரண்டு மொழியிலும் ஒரு மாதம் புரட்டினால் அந்த முழிப்பு போய்விடும். இது பிள்ளைகளுக்குச் சொன்ன யோசனை, நமக்கும்தான்.

நூல் கணக்கு

பின்னம்தான் எல்லாப் பிள்ளைகளும் வழுக்கி விழும் இடம். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு என்றால், மேலே 1-ம் 1-ம் 2, கீழே 2-ம் 3-ம் 5, ஆக ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். புத்தகத்தில் வட்டம் போட்டு, துண்டு வெட்டி, வண்ணம் அடித்துக் காட்டுகிறார்கள். வட்டத்தில் கால், அரை புரியும். ஐந்தில் இரண்டு பெரிதா, பாதி பெரிதா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம்.

அக்கா வீட்டுக்காரரின் டேப்பை எடுத்தேன். ஓர் அடிக்கு 12 அங்குலம். அரை அடி 6 அங்குலம். அடியில் மூன்றில் ஒன்று 4 அங்குலம். இரண்டும் சேர்ந்து 10 அங்குலம், அதாவது பன்னிரண்டில் பத்து, சுருக்கினால் ஆறில் ஐந்து. இப்போது அவள் எழுதிய ஐந்தில் இரண்டைப் பாருங்கள். அது 5 அங்குலத்துக்கும் கம்மி. அரை அடியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரை அடியைவிடக் குறையுமா? "குறையாதே!" என்றாள். அவள் தப்பை அவளே பிடித்தாள். சிவப்பு மை தேவைப்படவில்லை.

அப்புறம் அங்குலத்துக்குள் போனோம். கொத்தனார், தச்சர், டைல்ஸ்காரர் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது: ஓர் அங்குலத்துக்கு 8 நூல். சிவில் நண்பர்கள் சைட்டில் கேட்டிருப்பீர்கள். அரை அங்குலம் 4 நூல், கால் அங்குலம் 2 நூல், முக்கால் அங்குலம் 6 நூல். அரையும் காலும் கூட்டினால் 4-ம் 2-ம் 6 நூல், முக்கால். முக்காலிலிருந்து எட்டில் ஐந்து போனால் 6-லிருந்து 5, ஒரு நூல். பகுதியைச் சமமாக்கு, மீ.பொ.ம. எடு என்று புத்தகம் சொல்வது வேறொன்றுமில்லை, எல்லாவற்றையும் நூலாக மாற்று என்பதுதான். முக்காலை எட்டில் ஒன்றால் வகு என்றால்? தலைகீழாக்கிப் பெருக்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். முக்கால் அங்குலத்தில் எத்தனை நூல்? ஆறு. முடிந்தது கணக்கு. பிறகு தலைகீழாக்கிப் பெருக்கினாலும் அதே ஆறு வருகிறது என்று காட்டினால், விதி ஏன் வந்தது என்று புரிகிறது.

நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் படித்த எண்சுவடியில் இந்தப் பாதிக்குப் பாதி வரிசைக்குத் தனிப் பெயரே உண்டு. காலில் பாதி அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. அதில் பாதி மாகாணி அல்லது வீசம், பதினாறில் ஒன்று. ஆக ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், அரை நூல் ஒரு வீசம். மெக்கானிக்கல் நண்பர்கள் ஒர்க் ஷாப்பில் அங்குல ஸ்பேனர் செட்டை ஒரு முறை வரிசையாக அடுக்கிப் பார்க்கட்டும், எண்சுவடிப் பாடம் அதில் இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதுவரை மகள் படிப்பு தன்னால் ஆகாத வேலை என்று ஒதுங்கியிருந்த அக்கா வீட்டுக்காரர், டேப்பை எடுத்ததும் கிட்டே வந்து உட்கார்ந்தார். எட்டாவதோடு நின்றவர். 10 அடிக்கு 12 அடி ரூமுக்கு 2 அடிக்கு 2 அடி டைல் எத்தனை என்று மகளிடம் கேட்டார். அவள் 120-ஐ 4-ஆல் வகுத்துக்கொண்டிருக்கும்போதே "அஞ்சு வரிசை, வரிசைக்கு ஆறு, முப்பது" என்று சொல்லிவிட்டார். "அப்பா, நீங்க எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள். பரப்பளவுப் பாடத்தை அன்றிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார்.

தசமத்துக்கு நான் ஸ்டீல் ரூலைப் பயன்படுத்தினேன். 3 சென்டிமீட்டர் 7 மில்லிமீட்டர் என்றால் 3.7 சென்டிமீட்டர். அவ்வளவுதான் முதல் பாடம். நமக்கு ஒரு கொசுறு: வெர்னியரில் 49 மில்லிமீட்டரை 50 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு ஐம்பதில் நாற்பத்தொன்பது. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் ஐம்பதில் ஒன்று, 0.02 மில்லிமீட்டர். லீஸ்ட் கவுண்ட் என்று மனப்பாடம் செய்தது இந்த ஒரு பின்னக் கழித்தல்தான்.

மற்ற சரக்கு

முதுகெலும்பு சரி, சதைக்கு என்ன? நான் பயன்படுத்தியதை மட்டும் சொல்கிறேன்.

என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் எல்லாமே இலவசம். ஆனால் தமிழில் கிடையாது. ஆங்கிலம், இந்தி, உருது. 2024-ல் வந்த 6ஆம் வகுப்பு 'கணித பிரகாஷ்' புத்தகத்தில் குறை எண்களுக்கு ஒரு கட்டடமும் லிஃப்டும் வைத்து, மேலே போகக் கூட்டல், கீழே போகக் கழித்தல் என்று பொத்தான் அமுக்க வைக்கிறார்கள். அருமை. அந்த ஒரு பாடத்தை வாசித்துவிட்டு நாமே தமிழில் சொல்லிவிடலாம். சுவரில் கரியால் மாடிகளை வரைந்தால் போதும்.

அரவிந்த் குப்தா என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? ஐ.ஐ.டி. கான்பூரில் படித்த இன்ஜினியர், குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் கற்பிப்பவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் தளத்தில் புத்தகங்கள் கொட்டிக் கிடக்கின்றன, தமிழ் மொழிபெயர்ப்புகளும் உண்டு. தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்து வடிவங்கள் செய்வார். முக்கோணத்தை அமுக்கினால் அசையாது, சதுரம் சாய்ந்துவிடும், குறுக்கே ஒரு குச்சி போட்டால் சதுரமும் நிற்கும். டிரஸ் ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று செமஸ்டரில் நாம் படித்ததை அக்கா மகள் பத்து ரூபாய் டியூபில் கண்டுபிடித்துவிட்டாள்.

'ஜியோஜீப்ரா' மென்பொருளை ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவராக இருந்த மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-ல் தன் படிப்பின் பகுதியாகத் தொடங்கினார். ஒரு மாணவனின் பிராஜெக்ட்! நம் பாடநூலிலேயே 'இணையச் செயல்பாடு' பக்கங்களில் இது வருகிறது. கோணம், சமச்சீர் இரண்டுக்கும் இதற்கு ஈடில்லை. சின்ன போனில் கை தடுக்கும், கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டுங்கள்.

கான் அகாடமி எல்லோருக்கும் தெரியும். சல்மான் கான் 2004-ல் தூரத்து ஊரிலிருந்த தன் உறவுக்காரப் பெண்ணுக்குப் போனில் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் பிறந்தது. 2008-ல் லாப நோக்கமற்ற நிறுவனமாயிற்று. பயிற்சிக் கணக்குகள் நிறைய. தமிழ் வழிப் பிள்ளைக்கு நேரடியாகக் கொடுப்பதைவிட நாம் பார்த்துவிட்டுச் சொல்லித் தருவது நல்லது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1996 முதல் நடத்தும் 'என்ரிச்' புதிர்க் கணக்குகளும் அப்படியே. வாரம் ஒன்று போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு.

பள்ளிக்கே திரும்பாத பிள்ளை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 1989-ல் தொடங்கப்பட்டது. 14 வயது நிரம்பினால் 10ஆம் வகுப்புக்குச் சமமான தேர்வை எழுதலாம்; கணக்குப் பாட எண் 211, பாட நூலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

'இலவசம்' என்ற வார்த்தை

ஏழு நாள் இலவசம் என்று எழுதியிருந்தால் எட்டாம் நாளைப் பாருங்கள். கார்டு நம்பரோ யு.பி.ஐ. அனுமதியோ கேட்கிற எதுவும் இலவசமல்ல. இது என் சொந்தச் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி அமைச்சகமே இந்தக் கல்விக் கம்பெனிகளைப் பற்றிப் பெற்றோர்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. இலவசம் என்று சொல்வதை அலசிப் பாருங்கள், கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி தராதீர்கள் என்று அதில் இருக்கிறது. அந்தத் தாளைப் பிரிண்ட் போட்டு அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அடுத்த முறை டை கட்டியவர் வந்தபோது அவர் அதை நீட்டியிருக்கிறார். டேப்லெட் பைக்குள் போய்விட்டது.

மொத்தச் செலவைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் பக்கம் ஒரு ரூபாய். ஐந்து மாதத்தில் 212 பக்கம். இரண்டு நாற்பது பக்க நோட்டு, வால்வ் டியூப், தீப்பெட்டி. 300 ரூபாயைத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் பிரிண்ட் போடாதீர்கள். பயிற்சிப் பக்கம் மட்டும். பாடத்தைப் போனில் நாம் வாசித்தால் போதும்.

ஆனால் நேரத்துக்கு இலவசம் கிடையாது. வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் 35 நிமிடம் வீடியோ காலில், சனிக்கிழமை நேரில். செமஸ்டர் எக்ஸாம் வந்த மூன்று வாரம் என் ரூம்மேட் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு நாளும் முதல் 5 நிமிடம் நேற்றையதிலிருந்து இரண்டு கணக்கு, அடுத்து ஒரே ஒரு புது விஷயம், கடைசியில் அவள் எனக்குச் சொல்லித் தர வேண்டும். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் புரிந்ததா இல்லையா என்று தெரியும். நோட்டில் ஓரமாகத் தேதி போட்டு, எது தடுக்கிறது என்று ஒரு வரி எழுதிவைப்பேன். ரூம்மேட் எங்கே தொடர வேண்டும் என்று தெரிந்துகொண்டது அந்த வரிகளைப் பார்த்துத்தான்.

இப்போது அவள் வகுத்தலில் பூஜ்யத்தை விடுவதில்லை. பின்னத்தில் கூட்டல், கழித்தல், வகுத்தல் வருகிறது. கலப்புப் பின்னப் பெருக்கலில் இன்னும் திணறுகிறாள். குறை எண் பாதி. இயற்கணிதம் இப்போதுதான் ஆரம்பம். ஜூனில் 7-ல் உட்கார இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

நம் ஹாஸ்டலில் மட்டும் இப்படி வீட்டில் ஒரு தம்பி, தங்கை, அக்கா பிள்ளை என்று நான் விசாரித்தவரை ஆறு பேர் சொன்னார்கள். அதனால் நான் சேர்த்ததை ஒரு பென் டிரைவில் போட்டு மாணவர் பேரவை அறையில் வைத்திருக்கிறேன். மூன்று ஃபோல்டர்: 'எங்கே நிற்கிறாள்', 'முதுகெலும்பு', 'சதை'. இரண்டாவதில் தமிழ், ஆங்கிலம் இரண்டு வழிப் புத்தகமும் இருக்கின்றன, 1 முதல் 10 வரை. சொந்த உபயோகத்துக்கு மட்டும். பிரிண்ட் போட்டு விற்கக் கூடாது. 3, 4ஆம் வகுப்புக்குத் தமிழில் நல்ல வாய்மொழிக் கணக்குகள்தான் குறைவாக இருக்கின்றன. உங்கள் அப்பா அம்மா செய்யும் தொழிலிலிருந்து, கடையோ வயலோ தறியோ, ஆளுக்குப் பத்துக் கணக்கு எழுதி நான்காவது ஃபோல்டரில் சேருங்கள். திருப்பித் தரும்போது வைரஸ் இல்லாமல் தரவும்.